ஆனையூரில் புகுந்த தண்ணீர் யார் குற்றம்?

2024-ம் வருஷம் அக்டோபர் 25-ந் தேதி. பிற்பகல் மூன்று மணி. மதுரையின் வடபகுதியில் வானம் இருண்டது. கால் மணி நேரத்தில் நாலரை சென்டிமீட்டர் மழை கொட்டியது. அன்று மொத்தம் பெய்தது பத்து சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு. பொழுது சாய்வதற்குள் ஆனையூர், ஆலங்குளம், செல்லூர், பி.பி.குளம், நரிமேடு என்று பல பகுதிகளில் தெரு எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் போயிற்று. சாக்கடையும் மழைநீரும் ஒன்றாய்க் கலந்து உழைப்பாளியின் வீட்டு வாசற்படி ஏறின. பாயும் படுக்கையும், அரிசிப் பானையும், பிள்ளைகளின் பள்ளிப் புத்தகமும் நனைந்தன.

தண்ணீர் வடிந்ததும் பெரிய மனிதர்களின் வாய் திறந்தது.

“வருண பகவானின் கோபம்” என்றார் ஒருவர். “இயற்கையின் சீற்றம், மனுஷனால் என்ன செய்ய முடியும்?” என்றார் இன்னொருவர். படித்த கனவான் ஒருவர் கொஞ்சம் நவீனமாகப் பேசினார்: “பூமி சூடாகிவிட்டது. நாம் எல்லோரும் சேர்ந்து செய்த பாவம் இது. எல்லோரும் ஒரு மரம் நடுங்கள். கடைக்கு மஞ்சப்பை எடுத்துப் போங்கள்.”

தோழர்களே! இந்த மூன்று பேச்சும் பார்வைக்கு வேறு வேறு. செய்கிற காரியம் ஒன்றுதான். குற்றவாளியைத் தப்பவிடுகின்றன. கடவுள் மேல் போடு, இயற்கை மேல் போடு, அல்லது எல்லோர் தலையிலும் சமமாகப் போடு. எப்படியாவது முதலாளி தலையில் மட்டும் போட்டுவிடாதே! இதுதான் அவர்களுடைய கவலை.

உண்மை என்ன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பூமி ஏன் சூடாகிறது?

பூமியைச் சுற்றி இருக்கும் காற்றில் கரியமில வாயு சிறிதளவு உண்டு. சூரிய உஷ்ணம் பூமியில் விழுகிறது. பூமி அதைத் திருப்பி விடும்போது இந்த வாயு ஒரு கம்பளிபோல நின்று ஒரு பங்கைப் பிடித்து வைக்கிறது. கம்பளி அளவாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பூமியே பனிக்கட்டியாக உறைந்துவிடும். கம்பளி தடித்தால் வேகும்.

அந்தக் கம்பளியைத் தடிக்க வைத்தது எது? மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான வருஷங்களாகப் புதைந்து கிடந்த நிலக்கரியையும் எண்ணெயையும் எரிவாயுவையும் இருநூறு வருஷத்துக்குள் தோண்டி எரித்த நெருப்பு. இந்த நெருப்புக்கு முன்பு பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 280 பங்கு. இன்று அது 420-ஐத் தாண்டிவிட்டது. காட்டை அழித்ததும் அதற்குத் துணை. 1850-க்கும் 1900-க்கும் இடைப்பட்ட காலத்தோடு ஒப்பிட்டால் 2024-ம் வருஷத்தில் பூமியின் சராசரி உஷ்ணம் ஏறத்தாழ ஒன்றரை டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது. கணக்கெடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து அத்தனை சூடான வருஷம் வந்ததில்லை.

“ஒன்றரை டிகிரிதானே?” என்று யாரும் அலட்சியம் பண்ண வேண்டாம். உடம்பில் ஒன்றரை டிகிரி ஏறினால் என்ன ஆகிறது என்பது பிள்ளை பெற்ற தாய்க்குத் தெரியும். ஒரு டிகிரி கூடினால் காற்று ஏழு சதவிகிதம் அதிக நீராவியைத் தாங்கும். பாத்திரம் பெரிதாகிறது. பெரிய பாத்திரம் கண்மாயிலிருந்தும் வயலிலிருந்தும் அதிக ஈரத்தை உறிஞ்சுகிறது, அதுதான் வறட்சி. கவிழும்போது ஒரேயடியாகக் கொட்டுகிறது, அதுதான் வெள்ளம். சித்திரையில் கண்மாய் வெடிப்பதற்கும், ஐப்பசியில் வீட்டுக்குள் தண்ணீர் புகுவதற்கும் மூலம் ஒன்று!

ஒரு நாள் மழையைக் காட்டி, இது முழுக்க முழுக்க அந்தப் புகையின் வேலை என்று விஞ்ஞானம் சொல்லாது, நாமும் சொல்லவில்லை. தாயக்கட்டையின் ஒரு பக்கத்தில் ஈயம் ஊற்றியவன், “இந்தத் தடவை விழுந்தது தற்செயல்” என்று சொல்லலாம். ஆனால் ஆட்டம் முழுவதும் அந்தப் பக்கமே அடிக்கடி விழும். வானத்துத் தாயக்கட்டையில் ஈயம் ஊற்றியிருக்கிறார்கள். ஊற்றியவர்கள் யார்?

எல்லோரும் குற்றவாளிகளா?

இல்லவே இல்லை!

முதலில் நிலக்கரியை மலை மலையாக எரித்தது யார்? இங்கிலாந்து முதலாளிகள். நம் நெசவாளியின் தறியை நொறுக்கி, அவன் வயிற்றில் அடித்த அதே லங்காஷயர் மில்களின் புகைக்கூண்டுகள்தான் வானத்தையும் முதலில் அழுக்காக்கின. அதன் பின்னே ஐரோப்பிய, அமெரிக்க ஏகாதிபத்தியங்கள் வந்தன. நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவால் இதுவரை எழுந்த கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கு அமெரிக்காவுடையது. உலக ஜனங்களில் அந்த நாட்டார் நூற்றுக்கு நாலு பேர். உலக ஜனங்களில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாழும் இந்தியாவின் பங்கோ நூற்றுக்கு நாலைத் தொடவில்லை.

“சீனா இல்லையா?” என்று குறுக்கே கேட்பார்கள். உண்டு. இன்றைக்கு வருஷந்தோறும் அதிகம் புகைவிடும் நாடு சீனாதான். அதை மூடி மறைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஆனால் அந்தப் புகையில் ஒரு பங்கு மேல்நாட்டுக் கடைகளுக்குச் சரக்கு செய்யும்போது எழுந்த புகை. ஆள் கணக்கில் பார்த்தால் இன்றும் அமெரிக்கன் விடும் புகையே அதிகம்.

நாட்டுக் கணக்கைவிட வர்க்கக் கணக்கு தெளிவானது. 2023-ல் ஆக்ஸ்பாம் ஸ்தாபனம் 2019-ம் வருஷப் புகையைக் கணக்கிட்டு வெளியிட்டது. உலகின் மேல்தட்டுப் பணக்காரர்கள் நூற்றுக்கு ஒருவர் விடும் புகை, அடித்தட்டில் இருக்கும் நூற்றுக்கு அறுபத்தாறு பேர் விடும் புகைக்குச் சமம். சொந்த ஆகாய விமானத்தில் கல்யாணத்துக்குப் போகிறவனும், கூடல்நகரிலிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு மில்லுக்குப் போகிறவனும் “நாம் எல்லோரும்” ஆகிவிட முடியுமா?

சரி, தெரியாமல் செய்துவிட்டார்களா? அதுவும் இல்லை. கரியமில வாயு உஷ்ணத்தைப் பிடிக்கும் என்று 1856-லேயே அமெரிக்க மாது ஈயூனிஸ் ஃபூட் சோதனை செய்து காட்டினார். நிலக்கரிப் புகையால் பூமி சூடாகும் என்று ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி அர்ரீனியஸ் 1896-ல் கணக்குப் போட்டார். எக்ஸான் எண்ணெய்க் கம்பெனியின் நிர்வாகிகளுக்கு, அவர்கள் சம்பளம் கொடுத்து வைத்திருந்த விஞ்ஞானியே 1977-ல் நேரில் எடுத்துச் சொன்னார். கம்பெனி என்ன செய்தது? எண்ணெய்க் கிணற்றை மூடியதா? பின்னாளில் “இது இன்னும் நிச்சயமில்லை” என்று ஜனங்களைக் குழப்பப் பணத்தை இறைத்தது. கொள்ளிக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, வீடு எரிவது சந்தேகம் என்றது!

மூலதனம் மண்ணையும் உழைப்பாளியையும் ஒருசேர உறிஞ்சித்தான் கொழுக்கிறது என்று 1867-ல் மார்க்ஸ் எழுதினார். இன்று அது வானத்தையும் சேர்த்து உறிஞ்சுகிறது.

நம் நாட்டு முதலாளிகளின் நாடகம்

உலக மாநாடுகளில் டில்லி சர்க்கார் பேசுவதைக் கேளுங்கள். “நாங்கள் ஏழை நாடு. நீங்கள் கெடுத்தீர்கள், நீங்கள் பணம் கொடுங்கள்” என்கிறது. இது நியாயமான கோரிக்கைதான். 2024-ல் பாக்கு நகரத்தில் நடந்த மாநாட்டில் ஏழை நாடுகள் வருஷத்துக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. பணக்கார நாடுகள் 2035-க்குள் வருஷத்துக்கு 30,000 கோடி டாலர் திரட்டுவதில் முன்னிற்போம் என்று சொல்லிக் கையைக் கழுவின. அமெரிக்காவோ 2025 ஜனவரியில் டிரம்ப் பதவி ஏறிய முதல் நாளே பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாகக் கையெழுத்துப் போட்டது. இந்த அயோக்கியத்தனத்தை எதிர்த்துக் குரல் கொடுப்பது நம் கடமை.

ஆனால் வெளியே ஏழையின் பெயரைச் சொல்லி வாதாடுகிற சர்க்கார் வீட்டுக்குள் யாருக்குச் சேவை செய்கிறது? 2020 ஜூனில் நிலக்கரிச் சுரங்கங்களைத் தனியார் தோண்டி விற்க ஏலம் தொடங்கியது. 2023-ல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்திக் காட்டுக்கு இருந்த வேலியைத் தளர்த்தியது. ஏழையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்து நிற்பவன் ஏகபோக முதலாளி!

“அப்படியானால் மின்சாரம் வேண்டாமா? நெய்வேலித் தொழிலாளி வீட்டுக்குப் போகட்டுமா?” என்று கேட்பார்கள். மின்சாரம் வேண்டும். நெய்வேலித் தொழிலாளியின் சோற்றில் மண் விழக் கூடாது. ஆரல்வாய்மொழியில் காற்று இருக்கிறது. ராமநாதபுரத்தில் வெயில் இருக்கிறது. கேள்வி, அது யார் கையில் என்பதுதான். கமுதியைப் பாருங்கள். 2016-ல் அங்கே 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை அதானி கம்பெனி அமைத்தது. யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு என்று 25 வருஷத்துக்கு வாங்க அன்றைய மாநில சர்க்கார் ஒப்பந்தம் போட்டது. சூரிய மின்சாரத்தின் விலை பிறகு மளமளவென்று சரிந்தது. ஒப்பந்த விலை சரியவில்லை. சூரியனுக்கு யாரும் பட்டா வாங்கவில்லை. ஆனால் சூரிய ஒளிக்கும் வாரம் கேட்கும் புதிய மிராசுதார் வந்துவிட்டார்!

பந்தல்குடியில் கட்டிய திரை

இனி ஆனையூருக்குத் திரும்புவோம். வானம் கொட்டிய தண்ணீர் வாய்க்காலில் போகாமல் வீட்டுக்குள் வந்தது ஏன்?

நம் முன்னோர் மூடர்கள் அல்ல. மேட்டில் ஒரு கண்மாய், அது நிறைந்தால் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய், கடைசியில் ஆறு. மதுரைக்கு வடக்கே உள்ள கண்மாய்த் தண்ணீர் இப்படிச் செல்லூர்க் கண்மாய்க்கு வந்து, பந்தல்குடி வாய்க்கால் வழியே வைகையைச் சேர வேண்டும். 2011-ல் ஆனையூர் நகராட்சியை மதுரை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். வரி மாநகராட்சி வரி ஆயிற்று. வாய்க்கால் மாநகராட்சி வாய்க்கால் ஆயிற்றா? கண்மாய்க் கரைகள் மனைக்கட்டுகளாயின. வரத்துக் கால்வாய்கள் சாக்கடைகளாயின. சாக்கடைகள் குப்பைத் தொட்டிகளாயின.

ஆக்கிரமிப்பு என்றால் உடனே அதிகாரிகள் ஏழையின் குடிசையைக் காட்டுவார்கள். உலகனேரிக் கண்மாயில் 2004-ல் உயர்நீதிமன்றக் கிளையையே கட்டினார்களே, அதை எந்தக் குடிசைக்காரன் கட்டினான்? கண்மாயை மனை போட்டு விற்றவன் பங்களாவில் இருக்கிறான். ஆயுள் முழுதும் சேர்த்த காசைக் கொடுத்து வாங்கியவன் வெள்ளத்தில் இருக்கிறான்.

சர்க்காரின் வைத்தியம் எப்படிப்பட்டது? 2017 ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் தடுக்கிறோம் என்று அன்றைய அமைச்சர் ஒருவர் தெர்மோகோல் அட்டைகளை மிதக்கவிட்டார். காற்றடித்தது, அட்டை கரை ஒதுங்கியது, நாடு சிரித்தது. 2024 வெள்ளத்துக்குப் பிறகு செல்லூர்க் கண்மாயிலிருந்து வைகைக்குச் சிமெண்ட் கால்வாய் கட்ட 11.9 கோடி ரூபாய் அறிவித்தார்கள். அது வேண்டியதுதான். ஆனால் ஏழு மாதம் கழித்து, 2025 மே 31 அன்று, முதலமைச்சர் மதுரை வீதியில் வருகிறார் என்றதும் என்ன செய்தார்கள்? நாறிக் கிடந்த பந்தல்குடி வாய்க்கால் அவர் கண்ணில் படாமல் இருக்கத் துணியைக் கட்டி மறைத்தார்கள்! ஜனங்கள் எதிர்ப்புக் காட்டிய பிறகுதான் திரை அவிழ்ந்தது. முதலமைச்சரும் வாய்க்காலை வந்து பார்த்தார். திரை கட்டக் கை இருந்தது, தூர்வாரக் கை இல்லை. இந்த அதிகார வர்க்கத்தின் சுபாவம் அந்த ஒரு துணியில் தெரிகிறது. இன்னொன்றும் தெரிகிறது: ஜனங்கள் கேட்டால் திரை அவிழும்!

நஷ்டம் யாருக்கு?

வெயிலும் வெள்ளமும் எல்லோருக்கும் பொது என்பார்கள். நடவுக்குப் போகும் பெண் நூறு டிகிரி வெயிலில் முதுகை வளைக்கிறாள். அவளுக்கு வேலை வாங்குகிறவன் வரப்பு மர நிழலில் நிற்கிறான். வயலில் தண்ணீர் நின்றால் நிலம் வைத்திருப்பவனுக்கு, அரைகுறையாகவாவது, பயிர் இன்சூரன்ஸ் உண்டு. 2016-லிருந்து ஒரு திட்டம் நடக்கிறது. அந்த வயலில் அறுப்புக்குப் போகவிருந்த கைகளுக்கு? ஒரு செப்புக் காசு கிடையாது. பயிர் சாய்ந்தால் நஷ்டஈடு. பயிரை நம்பிய மனுஷி சாய்ந்தால் விதி!

மில்லுக்குள் வாருங்கள். ஸ்பின்னிங்கில் நூல் அறக்கூடாது என்று காற்றில் ஈரத்தை அளந்து வைக்கிறார்கள். நூலுக்கு அத்தனை உபசாரம். வெளியே வெயில் ஏற ஏற, ஈரமும் சூடும் சேர்ந்து உள்ளே வேகும் தொழிலாளி அறுந்து விழுந்தால் முடிச்சுப் போட ஆள் இல்லை. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13-வது பிரிவு, காற்றோட்டமும் தாங்கக்கூடிய உஷ்ணமும் முதலாளியின் கடமை என்று எழுதியது. 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்தச் சட்டத்தை விழுங்கியது. மின்சாரத்தில் ஓடும் கூடத்தில் பத்துப் பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றது பழைய சட்டம். இருபது பேர் வேண்டும் என்கிறது புதியது. வெயில் கூடுகிற காலத்தில் நிழலைச் சுருக்குகிறார்கள்!

2024 அக்டோபரில் தமிழக சர்க்கார் வெப்ப அலையைப் பேரிடர் என்று பிரகடனம் செய்தது. வெயிலில் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்லது. ஆனால் சாகாமல் இருக்க என்ன தருகிறீர்கள் என்று கேட்கிறோம்.

அரிட்டாபட்டி காட்டிய வழி

“நாம் கேட்டு நடக்குமா? கம்பெனி பெரிசு, டில்லி தூரம்” என்று சோர்ந்து போகும் தோழருக்கு ஒரு சேதி. தூரத்து ரஷ்யாவையோ வியட்நாமையோ காட்டவில்லை. நம் ஜில்லா மேலூரையே காட்டுகிறோம்.

2024 நவம்பர் 7 அன்று, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வேதாந்தாவின் ஹிந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்கு என்று டில்லி அறிவித்தது. ஏறத்தாழ ஐயாயிரம் ஏக்கர்! அதற்குள் அரிட்டாபட்டி, 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று சர்க்காரே அறிவித்த மலை, சுனை, கண்மாய். ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஆளுக்கொரு மரம் நட்டுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். சாதி பாராமல், கட்சி பாராமல் ஊர் ஊராகக் கூடினார்கள். கடைகள் அடைத்தன. டிசம்பர் 9 அன்று சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தபாலாபீஸ் வரை ஆயிரக்கணக்கில் நடந்தே வந்தார்கள். ஜனவரி 23 அன்று டில்லி ஏலத்தை ரத்து செய்தது. எழுபத்தேழே நாள்!

இதற்கு முன் 2023-ல் காவிரி டெல்டாவில் நிலக்கரி ஏலம் என்று அறிவித்தபோதும் விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். சில நாளிலேயே அந்த இடங்களைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். மண்ணுக்கடியில் இருக்கும் கரியை மண்ணுக்கடியிலேயே நிறுத்தியது எந்த உலக மாநாடும் அல்ல. வரப்பில் நின்ற உழவன்!

மரம் நடுவதும் மஞ்சப்பை எடுப்பதும் தவறு என்று யாரும் சொல்லவில்லை. நடுங்கள், எடுங்கள். அதோடு முடிந்தது என்று சொல்கிறவனை நம்பாதீர்கள். பையை மாற்றினால் போதாது. சர்க்காரின் கொள்கையை மாற்ற வேண்டும்.

நாம் கேட்பது என்ன?

1. ஆனையூர், ஆலங்குளம், செல்லூர்க் கண்மாய்களையும் பந்தல்குடி வாய்க்காலையும் பழைய சர்வே எல்லைப்படி அளந்து, வருஷந்தோறும் மழைக்கு முன் தூர்வார வேண்டும். ஆக்கிரமிப்பைப் பெரிய கட்டடத்திலிருந்து அகற்றத் தொடங்கு! ஏழைக்கு அருகிலேயே மாற்று வீடு கொடுத்த பிறகே குடிசையில் கை வை!

2. கடும் வெயில் நாட்களில் நண்பகல் வேலை நிறுத்தம். கூலி பிடித்தம் கூடாது. வயலிலும் கட்டட வேலையிலும் நிழலும் குடிதண்ணீரும் முதலாளி பொறுப்பு.

3. ஒவ்வொரு மில் டிபார்ட்மெண்டிலும் உஷ்ணமானி மாட்ட வேண்டும். எல்லை தாண்டினால் இயந்திரம் நிற்க வேண்டும். சம்பளம் நிற்கக் கூடாது.

4. வெள்ளத்தாலும் வறட்சியாலும் வேலை இழக்கும் விவசாயத் தொழிலாளிக்கு நாள் கூலி நஷ்டஈடு.

5. புதிய நிலக்கரிச் சுரங்க ஏலங்களை நிறுத்து! காற்று, சூரிய மின்சாரத்தைப் பொதுத்துறையில் வளர்! சுரங்கத் தொழிலாளிக்கு அதே சம்பளத்தில் அங்கே வேலை கொடு!

6. வானத்தைக் கெடுத்த ஏகாதிபத்திய நாடுகள் ஏழை நாடுகளுக்குக் கடனாக அல்ல, நஷ்டஈடாகப் பணம் கொடுக்க வேண்டும்.

இவற்றைக் கேட்க நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டாம். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கிராம சபை கூடும் நாட்கள் வருகின்றன. நகரத்தில் வார்டு கமிட்டியும் பகுதி சபையும் சட்டத்தில் இருக்கின்றன. பத்துப் பேராகப் போங்கள். தீர்மானத்தை எழுதி வாங்குங்கள். கண்மாயின் உண்மையான பரப்பு என்ன என்று 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப் போடுங்கள். மில் வாசல் கூட்டத்தில் கூலி உயர்வோடு உஷ்ணத்தையும் பேசுங்கள். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக் கலெக்டருக்கு மகஜர் கொடுங்கள். மகஜர் தூங்கினால் ஊர்வலம். ஊர்வலத்துக்கும் அசையாவிட்டால் மறியல். ஓட்டுக் கேட்டு எவர் வந்தாலும், “கண்மாய்க்கு என்ன செய்தாய்? நிலக்கரி ஏலத்தில் எந்தப் பக்கம் நின்றாய்?” என்று முகத்துக்கு நேரே கேளுங்கள்.

ஆனையூரில் புகுந்த தண்ணீர் வருண பகவான் குற்றம் அல்ல. உன் குற்றமும் அல்ல, என் குற்றமும் அல்ல. வானத்தை எரித்து லாபம் சம்பாதித்தவன் குற்றம். கண்மாயை விற்று லாபம் சம்பாதித்தவன் குற்றம். இருவருக்கும் காவல் நின்ற சர்க்கார்களின் குற்றம்.

அடுத்த ஐப்பசி வரும். மேகம் திரளும். அதற்குள் நாம் திரள வேண்டும்!

மில் தொழிலாளியே! விவசாயத் தொழிலாளியே! அரிட்டாபட்டி நடந்த பாதையில் ஆனையூரும் நடக்கட்டும்!